அறுவை நெற்றியில், ரத்தம் பின்மண்டையில்: கத்தி படாத இடத்தில் கசிவது ஏன்?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு வலது நெற்றிப் பக்கம் மண்டையோட்டைத் திறந்து மெனிஞ்சியோமா எனும், மூளை உறையில் வளரும் கட்டியை எடுத்தார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் காலையிலும் மயக்கம் சரியாகத் தெளியவில்லை. சி.டி. எடுத்துப் பார்த்தால், அறுத்த இடம் சுத்தமாக இருக்கிறது. பின்மண்டையில், சிறுமூளையில் ரத்தம். எங்கோ அறுத்ததற்கு எங்கோ கசிவது எப்படி? கை தவறிவிட்டதா?

கை தவறியிருக்க வாய்ப்பில்லை என்றே சொல்லலாம். நெற்றி வழியாகப் போன கருவி சிறுமூளையைத் தொட்டிருக்க வேண்டுமானால், பெருமூளையின் பின்பாதியைத் தாண்டி, அதற்கும் கீழே கூரை போல விரிந்திருக்கும் டென்டோரியம் என்ற தடித்த உறையைக் கிழித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் ஸ்கேனில் அந்தத் தடம் முழுவதும் தெரியும். நீங்கள் சொல்வது வேறு ஒரு சிக்கல். அரிதானது, ஆனால் நரம்பியல் அறுவை நிபுணர்களுக்குத் தெரிந்தது. ரிமோட் செரிபெல்லர் ஹெமரேஜ் என்பார்கள். கேஸ் ஷீட்டில் ஆர்.சி.ஹெச். என்று சுருக்கியிருக்கக்கூடும். சூரிச்சில் யாசர்கில், யோனெகாவா என்ற அறுவை நிபுணர்கள் 1977-இல் இதை முதலில் பதிவு செய்தார்கள். 1981-இல் முதுகெலும்பு அறுவைக்குப் பிறகும் இப்படி நடந்தது பதிவானது. தலையையே தொடாத அறுவைக்குப் பின்னும் சிறுமூளையில் கசிகிறது என்றால், கத்தியைத் தவிர வேறு ஏதோ ஒன்று பொதுவாக இருக்க வேண்டும். அந்தப் பொதுவான ஒன்று, மூளையைச் சுற்றியிருக்கும் தண்ணீர்.

மூளையும் தண்டுவடமும் மிதந்துகொண்டிருக்கும் அந்தத் திரவம், சி.எஸ்.எஃப்., எந்த நேரத்திலும் மொத்தமாகவே 150 மில்லி அளவுதான். மணிக்குச் சுமார் 20 மில்லி, நாளுக்கு அரை லிட்டர் என்று ஊறி, அதே அளவு உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். மண்டையோட்டைத் திறக்கும்போது மூளையைத் தளர்த்தி இடம் உண்டாக்கிக்கொள்ள இந்தத் திரவத்தை வேண்டுமென்றே கொஞ்சம் வெளியேற்றுவார்கள். அது தவறில்லை, அப்படிச் செய்யாவிட்டால் மூளையை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், அதில் சேதம் அதிகம். பிரச்சினை, அளவுக்கு மேல் போகும்போது. தண்ணீர் குறைந்தால் மிதப்பு குறைகிறது, சிறுமூளை சில மில்லிமீட்டர் கீழே தொய்கிறது. சிறுமூளையின் மேல்பரப்பிலிருந்து டென்டோரியத்துக்கும் அதன் ஓரத்துச் சிரைக் குழிகளுக்கும் போகிற மெல்லிய சிரைகள் உண்டு. ஒரு முனை அசையாத உறையில், மறுமுனை தொய்கிற மூளையில். அவை இழுபடும், மடங்கும், சில நேரம் அடைபடும். ரத்தம் வடிய வழியில்லாமல் பின்னால் தேங்கி, அழுத்தம் தாங்காமல் மேல்பரப்பு மடிப்புகளுக்குள் கசிகிறது. ஆக இது தமனி வெடித்துப் பீய்ச்சும் ரத்தமல்ல, சிரையில் தேங்கி ஊறும் ரத்தம். பெரும்பாலும் மெதுவாக நடப்பதும், பலருக்கு ஓரளவோடு நின்றுவிடுவதும் அதனால்தான்.

இந்த விளக்கத்தை யாரும் நேரில் பார்த்து நிரூபிக்கவில்லை. ஆனால் ஸ்கேன் படம் இதற்கு வலுவான சாட்சி. ரத்த அழுத்தத்தால் வரும் வழக்கமான சிறுமூளை ரத்தக்கசிவு ஆழத்தில், டென்டேட் கரு என்ற நரம்பணுத் திரளை ஒட்டி, ஒரு கட்டியாக உருண்டு நிற்கும். இதுவோ மேல்பரப்பில், டென்டோரியத்தைப் பார்த்த பக்கத்தில், மடிப்புக்கு மடிப்பு படிந்து ஒரு வெள்ளைக் கோடு, ஒரு கறுப்புக் கோடு என்று வரிவரியாக இருக்கும். வரிக்குதிரைத் தோல் போல இருப்பதால் ஜீப்ரா சைன் என்று பெயர். அறுவை நடந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலும் வரலாம், இரு பக்கமும் வரலாம். அந்தப் படத்தில் வரிகள் தெரிந்தால், தமனிப் புடைப்பு (தமனிச் சுவர் பலூன் போல உப்பியது) ஏதாவது வெடித்ததா என்று உடனே ஆஞ்சியோகிராம் எடுக்கத் தேவை இருக்காது. வரிகள் இல்லாமல் உருண்டையாக இருந்தாலோ, வேறு இடங்களிலும் ரத்தம் இருந்தாலோ, அப்போது சிரைக்குழி அடைப்பு, மறைந்திருந்த கட்டி, உறைதல் கோளாறு என்று தேட வேண்டும். எம்.ஆர்.ஐ.யும் சிரைகளைக் காட்டும் வெனோகிராமும் அதற்குத்தான்.

எத்தனை பேருக்கு வரும்? பெருமூளைப் பக்கம் திறக்கும் அறுவைகளில் ஆயிரம் பேரில் ஒருவர் முதல் ஆறு பேர் வரை என்பது பல மருத்துவமனைத் தொகுப்புகளில் வரும் கணக்கு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்பதால், எவ்வளவு தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கையும் மாறும். திரவம் அதிகம் போகிற அறுவைகளில் கூடுதல்: வெடிக்காத தமனிப் புடைப்புக்கு கிளிப் போடுவது, வலிப்புக்காகப் பொட்டு மடலை எடுப்பது, மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் திறந்துகொள்ளும் கட்டி அறுவை, டியூரா எனும் தடித்த வெளியுறைக்கு அடியில் நாள்பட்டுத் தேங்கிய (சப்டியூரல்) ரத்தத்தை வடிப்பது, முதுகெலும்பு அறுவையில் அந்த டியூரா கிழிவது. வயதும் பழைய ரத்த அழுத்தமும் தனியாக இதைக் கொண்டுவருவதில்லை, ஆனால் துணைபோகலாம். அறுவை மேசையில் தலையை அதிகம் திருப்பி, பின்னால் சாய்த்து வைத்தால் கழுத்துச் சிரை நெருக்கப்பட்டு வடிகால் இன்னும் குறையும். மயக்கத்திலிருந்து எழுப்பும்போது குழாயைத் தாங்காமல் கடுமையாக இருமுவதும் முக்குவதும் சிரை அழுத்தத்தை ஏற்றும்.

இனி, என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது: தையலுக்கு அடியிலிருந்து வெளியே வரும் டிரெயின் குழாய். உச்சந்தோலுக்கு அடியில் தேங்கும் ரத்தத்தை வடிக்க ஒரு குழாய் வைத்து, ஸ்பிரிங் மடிப்புள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இணைத்திருப்பார்கள். டப்பாவை அழுத்தி மூடினால் அது விரிய முயன்று உறிஞ்சும். டியூரா நீர் ஒழுகாமல் தைக்கப்பட்டிருந்தால் அது உறிஞ்சுவது தோலடி ரத்தத்தை மட்டும். தையலில் இடைவெளி இருந்தாலோ, டியூராவை முழுதாக மூட முடியாமல் போயிருந்தாலோ, அதே டப்பா மூளைத் திரவத்தை இழுக்கத் தொடங்கிவிடும். ராத்திரி முழுக்க யாரும் கவனிக்காமல் 200, 300 மில்லி நிறைந்திருக்கும். "ரத்தம் நிறைய வடிகிறது" என்று அதைத் திரும்பக் காலி செய்து, மறுபடி அழுத்தி மூடி வைப்பார்கள். அது ரத்தமா, ரத்தம் கலந்த தண்ணீரா என்பது நிறத்திலேயே ஓரளவு தெரியும். கெட்டியாக, கருஞ்சிவப்பாக, குழாயில் ஒட்டிக்கொண்டு இழை இழையாக இருந்தால் ரத்தம். மெல்லிய ரோஸ் நிறத் தண்ணீராக, குழாயைத் தட்டினால் ஓடுவதாக இருந்தால் அதில் மூளைத் திரவம் இருக்கிறது. உடம்பில் மொத்தமே 150 மில்லி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த டப்பாவின் அளவுக்கோட்டைப் பாருங்கள். கணக்கு தானாகவே புரியும். சந்தேகமிருந்தால், மூளைத் திரவத்தை அடையாளம் காட்டும் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்துக்கான சோதனை உறுதி செய்யும், ஆனால் அதன் முடிவு வரும்வரை காத்திருப்பதில் பயனில்லை. உறிஞ்சுதலை நீக்கி, வெறும் புவியீர்ப்பில் வடியவிட்டாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

முதுகெலும்பு அறுவையிலும் இதே கதைதான். டியூரா கிழிந்ததை யாரும் கவனிக்காமல் உறிஞ்சும் டிரெயின் வைத்துவிட்டால், நோயாளிக்குத் தலைவலி, வாந்தி, பேச்சில் குழறல் என்று தொடங்கும். இடுப்பில் அறுவை செய்தவருக்குத் தலையை ஸ்கேன் செய்ய யாருக்கும் உடனே தோன்றாது. ஒரு நாள் தாமதம் அங்கேதான் நிகழ்கிறது.

வார்டில் இதைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் செவிலியர் பதிவு செய்வது மூன்று விஷயங்கள்: விழிப்பு நிலையைக் காட்டும் கிளாஸ்கோ மதிப்பெண், கண்மணியின் அளவு, கை கால் பலம். முதல் சில மணி நேரம் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு மணிக்கொரு முறை. அறுத்த இடத்தில் ரத்தம் தேங்கினால் இந்த மூன்றில் ஒன்று மாறிவிடும். சிறுமூளையில் கசிந்தால் பலம் குறையாது, கண்மணியும் மாறாது. குறைவது நிதானம். கையை நீட்டி மூக்கைத் தொடச் சொன்னால் கை தடுமாறும். பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கண் துடிக்கும். பேச்சு இழுத்து இழுத்து வரும். திரும்பத் திரும்ப வாந்தி. படுத்த படுக்கையாக இருப்பவரிடம் இதையெல்லாம் யாரும் சோதிப்பதில்லை. "மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை" என்று ஆறு மணி நேரம் கழிந்துவிடும். சரியாக மயக்கம் கொடுக்கப்பட்ட நோயாளிக்கு எதிர்பார்த்த நேரத்தில் விழிப்பு வரவில்லையென்றால் அது ஸ்கேன் எடுக்கப் போதுமான காரணம். ஸ்கேன் வந்த பிறகும் கண் அறுத்த இடத்துக்கே போகும்; கடைசி நான்கைந்து கீழ் அடுக்குகளைப் புரட்டிப் பார்த்தால்தான் இது தெரியும்.

அறுத்த இடத்திலேயே வரும் ரத்தத்தோடு ஒப்பிட்டால் நேரக்கணக்கு புரியும். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில் 2305 மண்டை அறுவைகளில் 50 பேருக்கு ரத்தம் தேங்கி நிலை மோசமானது. அவர்களில் 44 பேர் முதல் 6 மணி நேரத்துக்குள், 6 பேர் 24 மணி நேரத்துக்குப் பிறகு. முதல் ராத்திரி ஐ.சி.யூ.வில் வைப்பதற்கு இதுபோன்ற கணக்குகள்தான் அடிப்படை. சிறுமூளைக் கசிவு பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வெளிப்படுகிறது. டிரெயின் தொடர்ந்து இழுத்துக்கொண்டிருந்தால் அதற்குப் பிறகும் வரலாம்.

கண்டுபிடித்தபின் செய்வது, பாதிப்பின் அளவைப் பொறுத்தது. முதல் வேலை டிரெயினின் உறிஞ்சுதலை நிறுத்துவது. ஒரேயடியாகக் குழாயை உருவிவிடுவதா, மூடி வைப்பதா என்பது அறுத்த இடத்தின் நிலையைப் பார்த்து அறுவை நிபுணர் எடுக்க வேண்டிய முடிவு. உறிஞ்சும் டப்பாவோடு விட்டுவைப்பது மட்டும் கூடாது. இடுப்பில் மூளைத் திரவத்தை வடிக்கும் லம்பார் டிரெயின் இருந்தால் அதையும் மூட வேண்டும். மேல் ரத்த அழுத்தத்தை 140 அல்லது 160-க்குள் வைப்பார்கள்; கீழே தள்ளிவிடவும் கூடாது. பிளேட்லெட் எண்ணிக்கையும், பி.டி., ஏ.பி.டி.டி., ஃபைப்ரினோஜன் என்ற ரத்தம் உறைதல் சோதனைகளும் பார்ப்பார்கள். 6 முதல் 24 மணி நேரத்துக்குள் மறு ஸ்கேன். கசிவு வளரவில்லை, சிறுமூளைக்கு முன்னால் திரவம் ஓடும் நான்காம் அறை திறந்திருக்கிறது, ஆள் விழிப்பாக இருக்கிறார் என்றால் அதற்கு மேல் சிகிச்சை வேண்டியதில்லை. பெரும்பாலோர் இந்த வகை.

தலையணை விஷயத்தில் இரண்டு கருத்து உண்டு. மூளை அழுத்தம் கூடினால் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துவது வழக்கம். ஆனால் இங்கே மூல காரணம் திரவம் குறைந்து தொய்வது. நிமிர வைத்தால் தொய்வு அதிகமாகும். ஸ்கேனில் மூளை அறைகள் சுருங்கி, மண்டைக்குள் காற்று நிறைய இருந்தால் சமமாகப் படுக்கவைப்பதில் நியாயம் இருக்கிறது. அறைகள் விரிந்திருந்தால் உயர்த்துவதே சரி. அதனால் பக்கத்து படுக்கைக்காரரைப் பார்த்து நீங்களாகக் கட்டிலைச் சுழற்றாதீர்கள்.

ரத்தம் நான்காம் அறையை நெருக்கி, திரவம் மேலே தேங்கினால் கதை மாறும். அப்போது மூளை அறைக்குள் வெளி வடிகால் குழாய், ஈ.வி.டி., வைக்க நேரும். இதில் இரட்டை ஆபத்து உண்டு. அதிகம் வடித்தால், முதலில் நோயைக் கொண்டுவந்த அதே பிழையைத் திரும்பச் செய்கிறோம். வீங்கிய சிறுமூளை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு டென்டோரிய இடைவெளியில் சிக்கவும் கூடும். எனவே குழாயின் சொட்டு மட்டத்தைக் காது மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் மேலே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வடிப்பார்கள். நோயாளியைத் தூக்கும்போது, கட்டிலை ஏற்றி இறக்கும்போது இந்தக் குழாயை மூடாமல் விட்டால் சில நிமிடத்தில் பத்து இருபது மில்லி கொட்டிவிடும். மூளைத்தண்டு நெருக்கப்பட்டாலோ, ஆள் கண்முன்னே மயங்கிக்கொண்டு போனாலோ, பின்மண்டையைத் திறந்து இடம் கொடுக்க வேண்டும். தானாக வரும் சிறுமூளை ரத்தக்கசிவுக்கு அமெரிக்க இதயச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் 15 மில்லி அளவை ஓர் எல்லையாகச் சொல்கிறது. அந்த எண்ணை இங்கே அப்படியே பொருத்த முடியாது. மடிப்புகளில் பரவிய ரத்தத்துக்கு அளவைவிட நெருக்கமே முக்கியம்.

உறைதல் பற்றி ஒரு பெரிய குழப்பம் உண்டு. "ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல்தானே, பிறகு எப்படிக் கசிந்தது?" சிறுமூளையில் இப்படிக் கசிந்த பெரும்பாலோருக்கு உறைதல் சோதனைகள் உண்மையிலேயே இயல்பாகவே இருக்கும், ஏனென்றால் காரணம் அதுவல்ல. ஆனால் அறுத்த இடத்தில், அதுவும் நன்றாக இருந்து ஒன்றிரண்டு நாள் கழித்து, இரண்டாம் முறையும் ரத்தம் தேங்கினால் அது வேறு கதை. பி.டி.யும் ஏ.பி.டி.டி.யும் இயல்பாக இருந்தும் ரத்தம் நிற்காத சில நிலைகள் உண்டு. ஆஸ்பிரின் எடுப்பவரின் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருக்கும், வேலை செய்யாது. பிளேட்லெட் ஒட்ட உதவும் புரதம் குறையும் வான் வில்லிபிராண்ட் நோயின் லேசான வகையும் சோதனையில் தப்பிவிடும். மிக அரிதானது, ரத்தம் உறைய உதவும் புரதங்களில் ஒன்றான 13-ஆம் காரணியின் குறைபாடு. பிறவியில் வருவது சுமார் 20 லட்சம் பேரில் ஒருவருக்கு. இந்தக் காரணி உறைந்த ரத்தக் கட்டியை இறுக்கிப் பிணைப்பது. அது இல்லாவிட்டால் ரத்தம் நேரத்துக்கு உறையும், சோதனையில் எல்லாம் சரியாக வரும், ஒரு நாள் கழித்துக் கட்டி கரைந்து மறுபடி கசியும். பிறந்தபோது தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ரத்தம் வந்ததா என்று பாட்டியிடம் கேட்டால் கிடைக்கும் தகவல், இங்கே ஆய்வகத்தைவிட மதிப்புள்ளது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வர வேண்டிய குறை என்பதால், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே மணம் முடிக்கும் குடும்பங்களில் இதைக் கேட்பதற்குக் கூடுதல் காரணம் உண்டு. 5 மோலார் யூரியாக் கரைசலில் ரத்தக் கட்டி கரைகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை, ஆனால் கடுமையான குறைபாட்டை மட்டுமே அது காட்டும். அளவைத் துல்லியமாக அறியத் தனிச் சோதனை உண்டு. கிடைத்தால் 13-ஆம் காரணிச் செறிவு, கிடைக்காவிட்டால் பிளாஸ்மாவிலிருந்து பிரிக்கும் கிரையோபிரெசிபிடேட் கொடுப்பார்கள். ஒரு முறை கொடுத்தது ஒரு வாரத்துக்கு மேல் உடம்பில் நிற்கும்.

அரிதான கசிவுகளில் இன்னும் இரண்டை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. விபத்தில் ஒரு பக்கம் மண்டையோட்டை அகற்றி அழுத்தத்தை இறக்கியதும், மறுபக்கம் எலும்பு முறிவை ஒட்டி அதுவரை அழுத்தத்தால் அடங்கியிருந்த ரத்தம் டியூராவுக்கு வெளியே தேங்குவது ஒன்று. இதில் நேரமே கிடையாது. மேசையில் மூளை திடீரென்று வெளியே பிதுங்கினால் மறுபக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். பெரிய ஏ.வி.எம். எனும் தமனி-சிரைப் பின்னலை எடுத்தபின், நெடுங்காலம் குறைந்த ரத்தத்துக்குப் பழகிய பக்கத்து மூளைக்குள் முழு அழுத்தமும் பாய்ந்து வீங்கிக் கசிவது மற்றொன்று. அங்கே ரத்த அழுத்தத்தைச் சில நாள் கறாராகக் கீழே வைப்பதுதான் சிகிச்சை.

அப்பா எப்படித் தேறுவார்? வெளியான நோயாளிகளைத் தொகுத்த மீளாய்வுகளில் இறப்பு 10 முதல் 15 சதவீதம். பாதிக்கு மேற்பட்டோர் லேசான குறையோடோ குறையே இல்லாமலோ மீண்டார்கள். அறிகுறி இல்லாதவர்கள் அந்தக் கணக்கில் குறைவாகவே சேர்ந்திருப்பார்கள் என்பதால், இன்று ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் ஒருவரின் நிலை அந்த எண்ணைவிட நல்லதாகவே இருக்கும். முதல் மூன்று நாளில் நிலை இறங்கவில்லையென்றால் பெரிய கண்டம் தாண்டியது. நடையில் தள்ளாட்டமும் பேச்சில் குழறலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சரியாகும்.

இடைப்பட்ட நாளில் வீட்டார் கையில் இருப்பது சில காரியங்கள். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் வாயில் எதையும் ஊட்டாதீர்கள். கெட்டியான உணவைவிடத் தண்ணீரும் நீர்த்த கஞ்சியும்தான் முதலில் மூச்சுக்குழாயில் இறங்கும். குடித்ததும் இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். மலச்சிக்கல் இருந்தால் முக்கவிடாமல், மலமிளக்கியான லாக்டுலோஸ் கேளுங்கள். முதல் சில நாள் தனியாகக் கழிப்பறைக்கு விடாதீர்கள். பலம் இருக்கிறது, நிதானம் இல்லை என்பவர்தான் விழுவார். காலில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் வகை ஊசியைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்து, மறு ஸ்கேனில் கசிவு வளரவில்லை என்று உறுதியான பிறகே தொடங்குவார்கள். அதுவரை காலை அழுத்திவிடும் உறை அல்லது இயந்திரம். இதயத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ முன்பு எடுத்திருந்தால் எந்தத் தேதியில் மறுபடி தொடங்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். பழைய சீட்டைப் பார்த்து மருந்துக்கடையில் வாங்கித் தொடர்வதும், பயந்துபோய் ஒரேயடியாக விட்டுவிடுவதும் இரண்டுமே நடக்கிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியதும் சுருக்கமானதுதான். "யார் தவறு?" என்று தொடங்கினால் கதவு சாத்திக்கொள்ளும். டிரெயின் உறிஞ்சும் வகையா, எத்தனை மணிக்கு எத்தனை மில்லி வந்தது, டியூரா முழுதாக மூடப்பட்டதா, நான்காம் அறை திறந்திருக்கிறதா, அடுத்த ஸ்கேன் எப்போது. இந்த ஐந்துக்கும் பதில் கேஸ் ஷீட்டிலும் அறுவைக் குறிப்பிலும் இருக்கும். பின்னாளில் இன்னொரு மண்டை அல்லது முதுகெலும்பு அறுவை வந்தால், இந்தக் கசிவு நடந்ததை அந்த அறுவை நிபுணரிடமும் மயக்க மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லுங்கள். டிரெயினை உறிஞ்சாத வகையாக வைக்கலாமா, கழுத்தைக் குறைவாகத் திருப்பலாமா என்று அவர்கள் முன்கூட்டியே யோசிக்க முடியும்.